ஐரிஷ் ஏடு காத்த விட்லி ஸ்டோக்ஸ்

ஹூக்ளி நதியைக் கடந்து நாள்தோறும் அலுவலகம் செல்லும் நம்மவர் பலருக்கு, அந்நதிக்கரை நகரில் 1868ஆம் ஆண்டு ஒரு நிகண்டு அச்சேறிய செய்தி தெரிந்திராது. அது வங்க மொழி நிகண்டன்று. வடமொழி நிகண்டும் அன்று. கடல் பல கடந்த அயர்லாந்து நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஐரிஷ் மொழி நிகண்டு அது. அதனைப் பதிப்பித்தவர் கல்கத்தாவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்துவந்த ஒரு வழக்கறிஞர். விட்லி ஸ்டோக்ஸ் என்பது அவர் பெயர். நம் நாட்டுப் பழைய சட்ட நூல்களைப் புரட்டுவோர் அப்பெயரைச் சட்ட வல்லுநர் ஒருவரின் பெயராக அறிவர். மொழி ஆராய்ச்சியாளரோ அதனை ஐரிஷ் மொழியோடு சேர்த்தே நினைப்பர். இருவரும் ஒருவரே என்பதை அறிந்தோர் சிலரே. அன்னாரது வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

ஸ்டோக்ஸ் 1830ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஸ்டோக்ஸ் பெயர்பெற்ற மருத்துவர். கடும் நோயாளியின் மூச்சு ஏறியும் இறங்கியும் இடையே நின்றும் வருவதை மருத்துவ நூல்கள் இன்றும் செயின்–ஸ்டோக்ஸ் சுவாசம் என்றே குறிக்கின்றன. அந்த ஸ்டோக்ஸ் இவரே. குடும்பத்தார் புராட்டஸ்டண்டு சமயத்தினர், வசதி படைத்தவர், வீட்டில் பேசிய மொழி ஆங்கிலம். ஆயினும் பழைய அயர்லாந்தின் கற்களையும் ஏடுகளையும் ஆராய்ந்த ஜார்ஜ் பெட்ரி, ஜான் ஓ'டொனவன், யூஜீன் ஓ'கரி முதலிய அறிஞர்கள் அம்மருத்துவருக்கு நண்பர்கள். இவர்களுள் ஓ'டொனவனும் ஓ'கரியும் உழவர் குடியில் பிறந்தவர்கள். பிரபுக்களின் நூலகங்களில் மக்கிக் கிடந்த தோலேடுகளைத் தம் கையால் படியெடுத்தவர்கள். இத்தகையோர் வந்து போகும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏட்டின்மேல் நாட்டம் பிறந்ததில் வியப்பில்லை. தங்கை மார்கரெட்டும் பிற்காலத்தில் அயர்லாந்தின் பழங்கோயில்களையும் சிற்பங்களையும் ஆராய்ந்து புகழ் பெற்றார்.

ஸ்டோக்ஸுக்குப் பதினைந்து வயது நடந்தபோது அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1845ஆம் ஆண்டு தொடங்கிய அப்பஞ்சத்தில் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். கப்பலேறி அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றோர் அதற்குக் குறையார். 1841ஆம் ஆண்டுக் கணக்கில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை 1851இல் 65 லட்சம் அளவுக்குக் குறைந்தது. இப்பஞ்சம் ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழை உழவரையே கடுமையாகத் தாக்கியது. எஞ்சியோரிலும் பலர், ஆங்கிலம் கற்றால்தான் பிள்ளைகள் பிழைப்பர் எனக் கருதி, தாய்மொழியை அவர்கள் காதில் விழாமல் மறைக்கலாயினர். அவர்களைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை. நம் காலனியில் மாலை வேளையில் விளையாடும் சிறுவர் எந்த மொழியில் ஒருவரையொருவர் அழைக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். ஊரிலிருந்து பாட்டியார் எழுதிய கடிதத்தை எத்தனை வீடுகளில் பெற்றோர் படித்துச் சொல்லப் பிள்ளைகள் கேட்கின்றனர் என்பதையும் அறிவோம்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 1851ஆம் ஆண்டு பட்டம் பெற்ற ஸ்டோக்ஸ், இலண்டனுக்குச் சென்று சட்டம் பயின்று 1855இல் வழக்கறிஞரானார். இடையே ருடால்ஃப் சீக்ஃபிரீட் என்னும் செருமானிய அறிஞரிடம் மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் முறையைக் கற்றார். அக்கல்வியே அவர் வாழ்வின் திசையைத் திருப்பியது எனலாம். ஐரிஷ் மொழி ஏதோ ஒரு மூலையில் தனித்து முளைத்த மொழியன்று. இலத்தீன், கிரேக்கம், வடமொழி ஆகியவற்றின் உடன்பிறப்பு என்பது அப்போதுதான் ஐயமற நிறுவப்பட்டு வந்தது. வடமொழியில் ராஜன் என்பது பழைய ஐரிஷில் ரீ. பசுவைக் குறிக்கும் கோ என்பது ஐரிஷில் போ. தேவன் அங்கே தியா. மாதா அங்கே மாதிர். பிதா மட்டும் அதிர் என நிற்கும். முதலில் நின்ற பகரத்தை அம்மொழி தொன்றுதொட்டே இழந்துவிட்டது. இவ்வுறவுகளைத் திட்டமாகக் காட்ட வேண்டுமாயின் மொழியின் மிகப் பழைய வடிவம் கையில் இருத்தல் வேண்டும். அது எங்கே கிடைத்தது என்பது சுவையான வரலாறு.

பழைய ஐரிஷ் மொழியின் சிறந்த சான்றுகள் அயர்லாந்தில் கிடைக்கவில்லை! எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவிகள் பலர் தாய்நாட்டை விட்டு ஐரோப்பாவெங்கும் சென்று மடங்களில் தங்கினர். அவர்கள் இலத்தீன் நூல்களைப் பயின்றபோது, கடினமான சொற்களுக்கு வரிகளின் இடையிலும் ஓரத்திலும் தம் தாய்மொழியில் பொடி எழுத்தில் பொருள் குறித்து வைத்தனர். நம்மவர் அரும்பதவுரை என்பது போன்றவை அவை. செருமனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் புனித பவுலின் நிருபங்கள் மீதும், இத்தாலியின் மிலான் நகரில் சங்கீத உரை மீதும், சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் மடத்தில் பிரிஷியன் எழுதிய இலத்தீன் இலக்கணத்தின் மீதும் அக்குறிப்புகள் ஆயிரக்கணக்கில் உள. இலக்கணம் படித்த துறவிகள் இடையிடையே தம் குறைகளையும் எழுதி வைத்தனர். மை சரியில்லை என்றும் கை நோகிறது என்றும் ஓரங்களில் காண்கிறோம். முன்னிரவு மது மிகுந்து தலை வலித்ததைக் குறிக்கும் ஒரு சொல்லை ஒருவர் ஓகம் என்னும் பழைய கோட்டெழுத்தில் எழுதிவிட்டார். பேரேடு எழுதி விரல் நொந்தவர்களுக்கு அத்துறவிகள் அயலாராகத் தோன்றமாட்டார்கள். ஊரில் இருந்த ஏடுகள் அழிய, வெளியூர் சென்றவர் ஓரத்தில் கிறுக்கியவை நிலைத்தன. இக்குறிப்புகளைக் கொண்டே ஸோய்ஸ் என்னும் செருமானியப் பேராசிரியர் 1853ஆம் ஆண்டு கெல்திய மொழிகளுக்கு இலக்கணம் வகுத்தார். அவர் வழியைப் பற்றி முன்சென்றவர் ஸ்டோக்ஸ்.

இலண்டனில் வழக்குகள் குறைவு, ஓய்வு மிகுதி. ரொசெட்டி முதலான கவிஞரோடு பழகிய காலம் அது. 1859இல் வெளிவந்து யாரும் வாங்காமையால் காசுக்கு ஒன்றாகக் கடை வாசலில் போடப்பட்டிருந்த ஒரு சிறு நூல் 1861ஆம் ஆண்டு இவர் கண்ணில் பட்டது. அது பிட்ஜெரால்டு ஆங்கிலத்தில் ஆக்கிய உமர் கய்யாம் பாடல்கள். இவர் சில பிரதிகளை வாங்கி நண்பருக்கு வழங்க, அந்நூலின் புகழ் அங்கிருந்து பரவியது. மறு ஆண்டு சென்னைக்கு வந்தவர், ஆசிரியரின் அனுமதியைக் கேளாமலே அதனைச் சென்னையில் மறுபதிப்புச் செய்து நண்பருக்கு அளித்தார்! கவிமணியின் தமிழாக்கத்தில் உமர் கய்யாமை நுகர்ந்த நம்மவருக்கு, அந்நூலின் முதல் மறுபதிப்பு சென்னையில் எழுந்தது என்பது இனிய செய்தியாகும்.

1862ஆம் ஆண்டு ஸ்டோக்ஸின் வாழ்வில் பெருந்திருப்பம். அவ்வாண்டிலேயே மூன்று பழைய ஐரிஷ் நிகண்டுகளை ஒரு நூலாக இலண்டனில் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிழைப்புத் தேடிக் கப்பலேறினார். சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுக்கும் பணியில் அமர்ந்தார். தாயபாகம், மிதாட்சரம் முதலியவற்றின் மொழிபெயர்ப்புகளைத் திரட்டி, இந்து சட்ட நூல்கள் என்னும் தொகுதியை 1865இல் சென்னையில் பதிப்பித்தார். அதற்குள் கல்கத்தாவிலிருந்து அழைப்பு வந்தது. கவர்னர் ஜெனரலின் சட்ட மன்றத்துச் செயலாளராய் அமர்ந்து, 1877ஆம் ஆண்டு சட்ட உறுப்பினராகவே உயர்ந்து, 1882 வரை அப்பதவியில் இருந்தார். பொருள் தந்த பணி இதுவே. இதில் அவர் குறை வைக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டமும் கிரிமினல் நடைமுறைச் சட்டமும், சொத்து மாற்றுச் சட்டமும், டிரஸ்டுச் சட்டமும், காலவரையறைச் சட்டமும் அவர் கையால் உருப்பெற்றவை. பின்னர் அவற்றுள் பல திருத்தி எழுதப்பட்டன. ஆனால் கூட்டுறவுக் கடன் தவறிய அன்பர் ஒருவரின் சம்பளத்துக்கு ஜப்தி உத்தரவு வரும்போது, அதன் வாசகத்தில் அப்பழைய சிவில் சட்டத்தின் நடையை நாம் இன்றும் உணர்கிறோம். ஐயத்துக்கு இடமின்றி ஒரு சொல் மிகாமல் எழுதும் நடை அது. நிகண்டுக்குப் பொருள் எழுதிப் பழகிய கை அல்லவா!

பகலெல்லாம் சட்டம் எழுதியவர் மீந்த பொழுதில் ஐரிஷ் ஏடு படித்தார். ஏடுகளோ டப்ளினிலும் இலண்டனிலும் இருந்தன. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான். அதற்கு முன் தபால், எகிப்தில் தரையிறங்கி மீண்டும் கப்பலேறி வரவேண்டும். ஒரு சொல்லில் ஐயம் எழுந்தால் கேட்டு விடை பெறுவதற்குள் பருவம் மாறிவிடும். ஆகவே முன்பு எடுத்துவைத்த படிகளையும், பிற்காலத்தில் அயர்லாந்து அறிஞர் கழகத்தார் கல்லச்சில் வெளியிட்ட ஏட்டு நகல்களையும் கொண்டே அவர் பெரும்பாலும் உழைத்தார். அவ்வாறே கல்கத்தா அச்சகங்களிலிருந்து 1866இல் கோய்டிலிகா, 1868இல் கார்மக் நிகண்டு, 1877இல் பத்ரிக், பிரிஜிட், கொலும்பா என்னும் மூன்று அடியார் வரலாறுகள், 1881இல் டிராய் நகர் அழிவு பற்றிய ஐரிஷ் உரைநடை என நூல்கள் வரிசையாக வெளிவந்தன. ஒரு சொல்லும் விளங்காத மொழிக்கு எழுத்துக் கோத்த கல்கத்தா அச்சுத் தொழிலாளரையும் இவ்விடத்து நினைக்க வேண்டும்.

மேலே கூறிய கார்மக், மன்ஸ்டர் நாட்டு அரசராகவும் ஆயராகவும் இருந்து 908ஆம் ஆண்டு போர்க்களத்தில் மாண்டவர். அவர் பெயரால் வழங்கும் நிகண்டு வெறும் சொற்பட்டியல் அன்று. பழைய வழக்கங்களின் களஞ்சியம். மே மாதத் தொடக்கத்தில் வரும் பெல்தனே என்னும் திருநாளில், துருயிதர் என்ற பூசாரிகள் இரண்டு தீ வளர்த்து, நோய் அணுகாதிருக்க மாடுகளை அவற்றினிடையே ஓட்டிய செய்தி அதில் உண்டு. மைசூர்ப் பக்கத்தில் சங்கராந்தியன்று மாடுகளைத் தீயைத் தாண்டச் செய்வதைக் கண்ட அன்பர் நம் காலனியிலும் இருக்கக்கூடும். பிரிஜிட் என்னும் தெய்வம் புலவர் வழிபடு தெய்வம் என்றும், அதே பெயருடைய தங்கையர் இருவர் மருத்துவத்துக்கும் கொல்லுத் தொழிலுக்கும் உரியவர் என்றும் அந்நிகண்டு கூறும். இந்நூலை ஆங்கிலமாக்கியவர், தந்தையாரின் நண்பர் ஓ'டொனவன். அவர் 1861இல் காலமாகிவிட, அச்சேறாமல் கிடந்த அம்மொழிபெயர்ப்பைத் தம் குறிப்புகளோடு கல்கத்தாவிலிருந்து வெளிக்கொணர்ந்தார் ஸ்டோக்ஸ்.

சட்டமும் பழைய ஐரிஷும் எதிர்பாராத ஓரிடத்தில் கைகோத்தன. கடன் பட்டவன் உயர்குடியினனாயின், கடன் கொடுத்தவன் அவன் பொருளைக் கைப்பற்றுமுன் அவன் வாயிலில் உண்ணாது இருத்தல் வேண்டும் என்பது பழைய ஐரிஷ் சட்டம். அதனை மதியாதவன் மானம் இழந்தவனாவான். நம் நாட்டில் தரணா என்பதும் அதுவே. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 508ஆம் பிரிவில், தெய்வ கோபத்தைக் காட்டி அச்சுறுத்துவதற்கு எடுத்துக்காட்டாகத் தரணாவைக் குறித்தது. கல்கத்தாவில் ஸ்டோக்ஸுக்கு மேலதிகாரியாக இருந்த ஹென்றி மெய்ன் தம் 1875ஆம் ஆண்டு நூலில் இவ்விரு வழக்கங்களையும் ஒப்பிட்டு எழுதினார். ஸ்டோக்ஸ் 1887இல் பதிப்பித்த பத்ரிக் அடியாரின் வரலாற்றிலோ, அடியார் மலைமேல் உண்ணாதிருந்து இறைவனிடமே வரங்களை வாதாடிப் பெறுகிறார். அவ்வாண்டில்தான் நம் ஐயரவர்கள் சீவக சிந்தாமணியை வெளியிட்டார்கள் என்பதைத் தமிழ் நெஞ்சம் நினையாதிருக்குமோ?

அவர் வீட்டிலும் கதை மணந்தது. மகளுக்கு மெய்வ் என்று ஐரிஷ் காப்பியத்து அரசியின் பெயரை இட்டிருந்தார். அச்சிறுமி, கல்கத்தாவிலும் சிம்லாவிலும் தன்னை வளர்த்த துங்க்னி, முனியா என்னும் ஆயாமார் இருவரும், கரீம் என்னும் பரிமாறும் பணியாளரும் இந்துஸ்தானியில் சொன்ன கதைகளை எழுதிவைத்தாள். அவை இந்தியத் தேவதைக் கதைகள் என்ற பெயரால் 1879ஆம் ஆண்டு கல்கத்தாவில் நூலாயின. கதை சொன்னவர் பெயர்களும் அந்நூலில் இடம்பெற்றன.

இவ்வளவு சொன்ன நாம், சொல்லக் கசப்பான ஒன்றையும் மறைத்தலாகாது. 1878ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லிட்டன் பிரபுவின் அரசாங்கம் சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றியது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இல்லாத கட்டுக்காவல் வங்காளி முதலான நாட்டு மொழிப் பத்திரிகைகளின்மேல் ஏற்றப்பட்டது. அன்று சட்ட உறுப்பினர் ஸ்டோக்ஸே. ஆங்கிலத்தின் நிழலில் தம் நாட்டு மொழி தேய்ந்ததைக் கண்ணால் கண்டவர், இங்கே நாட்டு மொழிகளின் வாயைக் கட்டிய அவையில் அமர்ந்திருந்தார். அச்சட்டம் 1882இல் நீக்கப்பட்டது. வடமொழிச் சுவடிகளைத் தேடிப் பட்டியலிட அரசாங்கம் 1868ஆம் ஆண்டு மேற்கொண்ட திட்டத்தை வகுத்தவரும் இவரே. பழைய மொழியின் ஏட்டைப் போற்றிய இதே கண், உயிரோடு பேசும் மொழியின் பத்திரிகையைக் காணவில்லை போலும்.

1882ஆம் ஆண்டு இந்தியாவை விட்டுச் சென்றபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கத் தொடங்கும் வயது. அவருக்கோ அதன்பின் இருபத்தேழு ஆண்டு உழைப்பு இருந்தது. லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் விண்டிஷ் என்பாருடன் சேர்ந்து ஐரிஷ் மூலநூல் வரிசையைத் தொடர்ந்து வெளியிட்டார். ஊர்ப்பெயர்களுக்குக் காரணம் கூறும் கதைத் தொகுதி ஒன்றை 1894, 1895ஆம் ஆண்டுகளில் பதிப்பித்தார். நம் தலபுராணங்களை ஒத்த நூல் அது. 1880இல் தாம் வெளியிட்ட அடியார் நாட்காட்டிச் செய்யுளைப் போதாதென்று கருதி, 1905இல் புதிதாய்ப் பதிப்பித்தார். ஜான் ஸ்ட்ராச்சன் துணையுடன், மேற்சொன்ன துறவிகளின் அரும்பதவுரைகள் அனைத்தையும் 1901, 1903ஆம் ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக்கினார்.

ஐரிஷ் புராணக் கதைகளுள் தலையாயது மோய்துராப் போர். ஒரே ஒரு கையெழுத்துப் படியில் முழுமையாக எஞ்சியிருந்த அக்கதையை ஸ்டோக்ஸ் 1891இல் மூலமும் மொழிபெயர்ப்புமாக உலகுக்கு அளித்தார். கதை இது: தெய்வக் குடியின் அரசன் நுவாது போரில் ஒரு கையை இழக்கிறான். உடற்குறை உடையவன் நாடாளலாகாது என்பது அவர்கள் முறை. நம் திருதராட்டிரன் நிலையை நினைக. மருத்துவன் அவனுக்கு வெள்ளிக் கை பொருத்துகிறான். இடையில் அரசேறிய பிரெஸ் என்பவனோ உலோபி. அவனை நாடி வந்த புலவனுக்குத் தீயும் படுக்கையும் அற்ற இருட்குடிலும் மூன்று உலர்ந்த அப்பங்களுமே கிடைக்கின்றன. புலவன் மறுநாள் அவன்மேல் வசை பாடுகிறான். அன்று முதல் அரசனின் செல்வம் தேய்கிறது. அறம் பாடினால் அரசும் எரியும் என்று நம்பிய நாட்டில் பிறந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பின்னர் லூக் என்னும் இளைஞன் தாரா நகரத்து வாயிலுக்கு வருகிறான். தொழில் தெரியாதவனுக்கு உள்ளே இடமில்லை என்கிறான் காவலன். தச்சன், கொல்லன், யாழ் வாசிப்போன், புலவன், மருத்துவன் என இளைஞன் ஒவ்வொன்றாகக் கூற, அவ்வத்தொழிலுக்கு உள்ளே ஆள் உண்டு என்று மறுக்கிறான் காவலன். அவை அனைத்தும் ஒருங்கே வல்லவன் ஒருவன் உள்ளே இருக்கிறானா என்று இளைஞன் கேட்கவே கதவு திறக்கிறது. உத்தியோகத்துக்கு மனுப் போட்டு அலைந்த எவரும் இக்காட்சியைச் சிரிக்காமல் படிக்கமாட்டார். முடிவில் அவ்விளைஞன், பார்த்த மாத்திரத்தில் படையை வீழ்த்தும் கண்ணுடைய பாலோரைக் கவண்கல்லால் அடித்து வீழ்த்துகிறான். அப்பாலோர் அவனுடைய தாயின் தந்தை. கண்ணனும் கம்சனும் நம் நினைவுக்கு வருவர்.

பிழை கண்டால் ஸ்டோக்ஸ் பொறுக்கமாட்டார். பிறர் பதிப்புகளில் கண்ட குற்றங்களை எண்ணிட்டு அச்சிட்டுப் பரப்புவார். ஐரிஷ் சட்ட நூல்களுக்கு அட்கின்சன் என்னும் டப்ளின் பேராசிரியர் தொகுத்த சொல்லகராதியைக் கண்டித்து 1903ஆம் ஆண்டு ஒரு தனி நூலே எழுதினார். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. அவர் எடுத்துக் காட்டியவை உண்மைப் பிழைகளே எனினும், அந்தக் கடுமை சற்று மிகுதி என்பதே நம் கருத்து. எனினும் தம் பதிப்புகளையும் அவர் அவ்வாறே திருத்தி வந்தார் என்பதால், அக்கடுமை ஒருதலைப்பட்சமானது அன்று.

1909ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஸ்டோக்ஸ் இலண்டனில் காலமானார். சீசருக்கும் பாம்பிக்கும் நடந்த போரைப் பற்றிய ஐரிஷ் உரைநடை நூல் அப்போது அச்சில் இருந்தது. விண்டிஷ் அதனை முடித்து அவ்வாண்டிலேயே வெளியிட்டார். மறு ஆண்டு அவருடைய புதல்வியர் தந்தையின் நூலகத்தை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வழங்கினர். அவர் கையால் எழுதிய குறிப்பேடுகள் பல லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.